பறவைக் காய்ச்சல் நியூஸ் வந்தா எப்படி படிக்கணும்: தண்டையார்பேட்டை மொட்டை மாடியில இருந்து ஒரு முழு வழிகாட்டி

எங்க வூட்டு மொட்டை மாடியில அப்போ ஆறு நாட்டுக்கோழி, ஒரு சேவல், பக்கத்து வூட்டு பையனோட ஹோமர் புறா ஒரு பதினஞ்சு இருந்துச்சு. வட சென்னையில தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் இது ஒண்ணும் அதிசயம் இல்ல, தெருவுக்கு ரெண்டு கூண்டாவது இருக்கும். 2021 ஜனவரியில ஆலப்புழா, கோட்டயம்னு கேரளாவுல வாத்து கொத்து கொத்தா சாவுதுன்னு டிவில ஓடிட்டு இருந்த அதே வாரத்துல எங்க கோழில மூணு ஒரே ராத்திரியில போச்சு. காலைல பார்த்ததும் வயிறு கலங்கிடுச்சு. அப்புறம் நான் பண்ணது எல்லாமே தப்பு: வெறுங்கையால தூக்குனேன், கேரி பேக்ல போட்டேன், பைக் ஹேண்டில்ல மாட்டிக்கிட்டு ட்ராஃபிக்ல ஊரு பூரா காட்டிட்டே கால்நடை ஆஸ்பத்திரிக்கு போனேன். டாக்டரம்மா பைய பார்த்ததும் ரெண்டு அடி பின்னாடி போய், "தம்பி, செத்தத எடுத்துக்கினு இப்படி ஊர் சுத்தக்கூடாதுபா, ஒரு போன் போட்டிருக்கலாம்ல"ன்னாங்க. கடைசில அது பறவைக் காய்ச்சலே இல்ல, வெள்ளக்கழிச்சல், அதாவது ராணிக்கெட். தடுப்பூசி போட்டிருந்தா மூணும் பொழச்சிருக்கும், நான்தான் சோம்பேறித்தனமா விட்டுட்டேன்.

அன்னிலருந்து இந்த விஷயத்த விடாம படிக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் குளிர் சீசன் வந்தா வாட்ஸப்ல அதே ஃபார்வர்டு வருது, கோழி விலை எறங்குது, ரெண்டு வாரத்துல எல்லாரும் மறந்துடறாங்க. நடுவுல உண்மையிலேயே கவனிக்க வேண்டிய நியூஸ் வந்தா அதுவும் அந்த சத்தத்துல காணாம போயிடுது. அதனால எந்த நியூஸ கண்டுக்கணும், எத விட்டுடலாம்னு பிரிச்சு பார்க்க நான் கத்துக்கிட்ட முறைய படி படியா எழுதறேன். கொஞ்சம் நீளம்தான், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

படி 1: பேர பிரிச்சு படிங்க

எச்5என்1, எச்5என்8, எச்7என்9, எச்9என்2ன்னு வரும். எல்லாமே இன்ஃப்ளூயன்சா, அதாவது ஃப்ளூ வைரஸ்ல ஏ வகைதான். வைரஸ் மேல்பக்கம் முள்ளு மாதிரி ரெண்டு வகை புரதம் நீட்டிக்கிட்டு இருக்கும். எச்ங்கறது ஹீமக்ளூட்டினின், நான் அத கொக்கின்னு வெச்சுக்குவேன், ஏன்னா அத வெச்சுதான் வைரஸ் நம்ம செல்லுல மாட்டிக்குது. என்ங்கறது நியூராமினிடேஸ், அது கத்தரி, உள்ள பெருகுன புது வைரஸ் வெளிய வரும்போது ஒட்டிக்கிட்டு நிக்காம அறுத்து விடறது அதோட வேலை. ஃப்ளூவுக்கு குடுக்கற டாமிஃப்ளூ மாத்திர அடிக்கிறது இந்த கத்தரியத்தான்.

பறவைங்ககிட்ட 16 வகை கொக்கி, 9 வகை கத்தரி இருக்கு. வவ்வால்ல தனியா ரெண்டு ரெண்டு கண்டுபிடிச்சிருக்காங்க, அத இங்க விட்டுடலாம். காட்டு வாத்துங்க குடல்ல இதுல பல ஜோடி ஒரு தொந்தரவும் இல்லாம காலங்காலமா குடியிருக்கு. வாத்துக்கு ஒண்ணும் ஆகாது, எச்சத்துல வெளிய வந்து தண்ணில கலக்கும், அடுத்த வாத்து குடிக்கும், அவ்ளோதான் கதை.

முக்கியமான ஒரு விஷயம், இத நிறைய பேர் தவற விடறாங்க: வைரஸ்ல மொத்தம் எட்டு துண்டு மரபணு இருக்கு, பேர்ல வர்றது அதுல ரெண்டே ரெண்டுதான். மிச்ச ஆறு என்னன்னு பேர் சொல்லாது. 1997ல ஹாங்காங்ல வந்ததும் எச்5என்1, 2024ல அமெரிக்க மாட்டுப் பண்ணையில வந்ததும் எச்5என்1, ஆனா உள்ள இருக்கற சரக்கு வேற வேற. எச்5 கொக்கியிலயே எந்த கிளைன்னு பிரிச்சு சொல்ல 2.3.4.4பி, 2.3.2.1ஏன்னு பைக் நம்பர் மாதிரி ஒரு கிளை நம்பர் போடறாங்க. நியூஸ்ல அந்த நம்பர் இருந்தா குறிச்சு வைங்க, மூணாவது படில தேவைப்படும்.

படி 2: சாதுவா, கொடியதா, யாருக்கு கொடியது?

வீரியம் குறைஞ்சது, வீரியம் அதிகம்னு ரெண்டா பிரிப்பாங்க. இந்த பிரிவு கோழிய வெச்சு பண்ணது, மனுஷன வெச்சு இல்ல. இத மனசுல ஆணி அடிச்சு வெச்சுக்கோங்க.

என்ன வித்தியாசம்னா, அந்த கொக்கி இருக்கே, அது அப்படியே வேலை செய்யாது, ஒரு எடத்துல வெட்டி விட்டாதான் செல்லுக்குள்ள நுழைய முடியும். சாதுவான வகைக்கு அத வெட்டற என்சைம் குடல்லயும் மூச்சுக்குழாய்லயும்தான் கிடைக்கும். ரேஷன் கடை மாதிரி, அந்த ஒரு கடை இருக்கற எடத்துலதான் பொருள். அதனால வைரஸ் அங்கயே சுத்தும், கோழி கொஞ்சம் முட்ட கம்மியா போடும், லேசா சளி புடிக்கும், அவ்ளோதான். கொடிய வகைல அந்த வெட்டற எடத்துல கூடுதலா நாலஞ்சு அமினோ அமிலம் சேர்ந்துடும். அதுக்கப்புறம் உடம்புல எல்லா செல்லுலயும் இருக்கற ஃப்யூரின்ங்கற என்சைமே அத வெட்டிடும். தெருவுக்கு தெரு பொட்டிக்கடையில கிடைக்கற மாதிரி ஆயிடுது. ஈரல், மூளை, இதயம்னு எங்க வேணா பெருகும். கோழிக்கு கொண்ட நீலமாகும், மூஞ்சி வீங்கும், கால்ல ரத்தத் திட்டு வரும், பல நேரம் இது எதுவுமே தெரியாம பொத்துனு விழுந்து செத்துடும்.

இயற்கையில இப்படி கொடியதா மாறறது எச்5, எச்7 ரெண்டு வகைதான். அதுவும் அது பெரும்பாலும் மாறறது காட்டு வாத்துக்குள்ள இல்ல, நெருக்கி அடைச்சு வளர்க்கற கோழி, வான்கோழிக்குள்ளதான். ஆயிரக்கணக்கான கோழி ஒரே கூரைக்கு கீழ இருந்தா, கோழிய சீக்கிரம் சாகடிக்கற வைரஸுக்குக் கூட நஷ்டம் இல்ல, பக்கத்துலயே அடுத்த கோழி இருக்கே. காட்டுல அப்படி கொன்னுட்டா அதுவும் சேர்ந்து ஒழிஞ்சிடும். அதனால பூநாரை கொண்டாந்துச்சு, நாரை கொண்டாந்துச்சுன்னு யாராவது ஆரம்பிச்சா எனக்கு கொஞ்சம் கோவம் வரும். சாதுவான விதை அதுங்களோடதுதான், கொடியதா வளர்த்துக் குடுத்தது நாம.

இப்ப அந்த ஆணி. 2013 மார்ச்ல சீனாவுல எச்7என்9 மனுஷங்ககிட்ட தெரிய வந்துச்சு. ஆரம்பத்துல கோழிக்கு அது சாதுவான வகை. ஒரு கோழியும் சாவல, கடைக்காரருக்கும் தெரியாது, வாங்கறவங்களுக்கும் தெரியாது. ஆனா அஞ்சு சீசன்ல 1,500க்கு மேல மனுஷங்களுக்கு வந்து அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல செத்துப் போனாங்க. 2017 செப்டம்பர்ல நாடு முழுக்க கோழிக்கு தடுப்பூசி போட ஆரம்பிச்சதும் மனுஷ கேஸ் சடார்னு எறங்கிடுச்சு. வீரியம் குறைஞ்ச வகைதான் பயப்படாதீங்கன்னு நியூஸ்ல போட்டா, யாருக்கு குறைஞ்சதுன்னு கேளுங்க.

படி 3: ரூட்ட பாருங்க

1996ல தென் சீனாவுல குவாங்டாங்ல ஒரு வாத்துப் பண்ணையில, அந்த பெரிய சைஸ் வாத்துங்ககிட்ட, எச்5என்1 கண்டுபிடிச்சாங்க. இன்னிக்கு உலகம் பூரா சுத்தற அத்தன கொடிய எச்5 வகைக்கும் கொள்ளுத்தாத்தா அதுதான். அடுத்த வருஷமே ஹாங்காங். 18 பேருக்கு வந்துச்சு, 6 பேர் செத்தாங்க. பறவைகிட்டருந்து நேரா மனுஷனுக்கு வந்து இப்படி கொல்லும்னு அதுவரைக்கும் யாரும் பெருசா நெனைக்கல. டிசம்பர் கடைசியில சில நாள்ல ஊர்ல இருந்த கோழி 10 லட்சத்துக்கு மேல அழிச்சாங்க. அப்புறம் வாத்தையும் கோழியையும் ஒரே கடையில உயிரோட விக்கக்கூடாதுன்னு பிரிச்சாங்க, மாசத்துல ஒரு நாள் மார்க்கெட்ட காலி பண்ணி கழுவி காயப்போட்டாங்க. நம்மூர்லயும் செய்யக்கூடிய விஷயம்தான், செலவும் பெருசா இல்ல.

2003, 2004ல வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேஷியான்னு தென்கிழக்கு ஆசியா பூரா பரவிச்சு. தாய்லாந்துல ஆராய்ச்சி பண்ணி பார்த்தா கோழிப் பண்ணை நிறைய இருக்கற எடத்த விட, அறுவடை முடிஞ்ச நெல்லு வயல்ல வாத்த மேய விடற எடத்தோடதான் நோய் ரொம்ப ஒத்துப் போச்சு. ஏன்னா வாத்து பல நேரம் சாவாது, நல்லா நடந்துக்கிட்டே வைரஸ வயல் வயலா போட்டுட்டு போகும், அதே வயல் தண்ணிலதான் காட்டு வாத்தும் எறங்கும், பக்கத்துல வூட்டுக் கோழி கிளறும். கேரளாவுல 2014லருந்து குட்டநாடு பக்கம் திரும்பத் திரும்ப வர்றதும் இதே மாதிரி வயலும் வாத்தும் சேர்ந்த எடத்துலதான். எனக்கு இத படிச்சப்போ மீஞ்சூர் தாண்டி பொன்னேரி போற வழிதான் கண்ணுல நின்னுச்சு. அறுவடைக்கப்புறம் அங்க வாத்து ஓட்டிக்கிட்டு வருவாங்க, நீங்களே பார்த்திருப்பீங்க, அந்தாண்ட கொஞ்ச தூரத்துல பழவேற்காடு ஏரி. அங்க நோய் வந்துச்சுன்னு நான் சொல்லல. கண்காணிக்கணும்னா அந்த வயல பாருங்கன்னுதான் சொல்றேன்.

2005 மே மாசம் சீனாவுல சிங்ஹாய் ஏரியில ஆயிரக்கணக்குல காட்டுப் பறவைங்க செத்துச்சு, அதுல நிறைய வரித்தலை வாத்து. இது பெரிய திருப்பம், ஏன்னா பண்ணையில வளர்ந்த கொடிய வைரஸ் திரும்ப காட்டுப் பறவைகிட்ட போய் அதுங்களோடயே பறக்க ஆரம்பிச்சிடுச்சு. ஒரு வருஷத்துக்குள்ள ஐரோப்பா, ஆப்பிரிக்கா. வரித்தலை வாத்து இமயமலைய தாண்டி குளிர்காலத்துக்கு நம்ம நாட்டுக்கு வர்ற பறவை, திருநெல்வேலி கூந்தன்குளம் வரைக்கும் வரும். இந்தியாவுல மொத தடவை பண்ணையில வந்தது 2006 பிப்ரவரி, மகாராஷ்டிரா நவாப்பூர். 2021 ஜனவரி வாக்குல இமாச்சல் பாங் அணையில ஆயிரக்கணக்கான வரித்தலை வாத்து எச்5என்1ல செத்துச்சு, அதே நேரத்துல ராஜஸ்தான்ல காக்கா, கேரளாவுல வாத்து எச்5என்8ல. ஒரே மாசம், ஒரே நாடு, வேற வேற வைரஸ். டிவில எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஸ்க்ரோல்தான் ஓடிச்சு.

2.3.4.4பிங்கற கிளைதான் இப்ப உலகத்த சுத்தறது. 2020 கடைசில ஐரோப்பாவுல புடிச்சுது, 2021 கடைசில அட்லாண்டிக்க தாண்டி கனடா, 2022ல அமெரிக்கா பூரா, அந்த வருஷக் கடைசியிலயே பெரு, சிலி. 2023ல அர்ஜென்டினா கடற்கரையில யானை சீல் குட்டிங்க 17,000க்கு மேல செத்துச்சு, அந்த சீசன்ல பொறந்ததுல பொழச்சது ரொம்ப கொஞ்சம். 2024 பிப்ரவரியில அண்டார்டிகா மெயின்லேண்ட். குவாங்டாங் வாத்துக் கொட்டாய்ல ஆரம்பிச்சது 28 வருஷத்துல தென்துருவக் கண்டம் வரைக்கும் போயிடுச்சு.

இதுக்கெல்லாம் பறவை மட்டும்தான் வண்டியான்னா இல்ல. பறவை ரூட்டுக்கு சீசன் உண்டு, அக்டோபர்லருந்து மார்ச் வரைக்கும். வெயில் காலத்துல, வலசை போற ரூட்டுக்கு சம்பந்தமே இல்லாத ஊர்ல, ஹைவே ஓரத்து பண்ணையில வந்தா அது லாரி, கோழிக்கூண்டு, முட்ட அட்டை, குஞ்சு யாவாரம், பண்ணை ஆளோட செருப்பு, இதுல ஏதோ ஒண்ணுதான்னு நான் மொதல்ல சந்தேகப்படுவேன். நியூஸ்ல மாசத்தையும் எடத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க, பாதி கதை அதுலயே தெரிஞ்சிடும்.

படி 4: பொட்டி மாத்தற யார்டு

வைரஸ் மாறறது ரெண்டு விதம். ஒண்ணு மெதுவா. இது ஆர்என்ஏ வைரஸ், சுமார் 13,500 மரபணு எழுத்து, காப்பி எடுக்கும்போது தப்பு வந்தா திருத்தறதுக்கு ஆள் இல்ல. அதனால எப்பவும் அங்கங்க ஒரு எழுத்து மாறிட்டே இருக்கும். முக்காவாசி மாத்தம் வைரஸுக்கே கெடுதல், அப்படியே ஒழிஞ்சிடும். ஒண்ணு ரெண்டு ஒத்து வந்தா நிக்கும். வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி மாத்தறது இதனாலதான்.

இன்னொண்ணு ஒரே அடியில. பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டு தெரியும்ல? வைரஸோட எட்டு துண்ட எட்டு பொட்டி ரயில்னு வெச்சுக்கோங்க. ஒரே செல்லுக்குள்ள ரெண்டு வேற வைரஸ் ஒரே நேரத்துல பூந்துடுச்சுன்னா அந்த செல்லு யார்டு ஆயிடுது. ரெண்டு ரயிலோட பொட்டியும் கழண்டு கெடக்கும், வெளிய போற புது ரயில் ஒவ்வொண்ணும் ஒண்ணாம் பொட்டி இதுலருந்து, ரெண்டாம் பொட்டி அதுலருந்துன்னு கலந்து கட்டிக்கும். கணக்கு போட்டா 256 விதமா கோக்கலாம். அதுல நிறைய ரயில் ஓடவே ஓடாது. ஒண்ணு ஓடுச்சுன்னா போதும்.

1957ல வந்த ஆசிய ஃப்ளூ இப்படித்தான், மனுஷ ஃப்ளூ ரயில்ல மூணு பொட்டி பறவையோடது. 1968 ஹாங்காங் ஃப்ளூல ரெண்டு பொட்டி. 2009 பன்றிக் காய்ச்சல் பன்றி யார்டுல கலந்தது, அதுக்குள்ள பறவை, பன்றி, மனுஷன்னு மூணு பேரோட பொட்டியும் இருந்துச்சு.

இந்த எடத்துல எச்9என்2 பத்தி ஒரு வார்த்தை. யாரும் கண்டுக்காத வகை இது, கோழிக்கு சாது, ஆசியா பூரா கோழிப் பண்ணையில சாதாரணமா சுத்துது, நம்ம நாட்டுலயும்தான். நியூஸ்ல வராது. ஆனா மேல சொன்ன எச்7என்9ல உள்பக்கத்து ஆறு பொட்டியும் எச்9என்2 குடும்பத்துலருந்து வந்தது. பொட்டி கடன் குடுக்கறவன் யாருன்னு பார்க்காம கடன் வாங்குனவன மட்டும் தேடிட்டு இருக்கோம்.

அப்போ எந்த எடம் ஆபத்து? வேற வேற ஊர் கோழி, வாத்து, காடை, கூண்டுக்கிளி எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு கூண்டா அடுக்கி, மேல் கூண்டு எச்சம் கீழ் கூண்டு தண்ணில விழற மாதிரி வெச்சு, விக்காதத திரும்ப ஊருக்கு எடுத்துட்டு போற எடம். ஞாயித்துக்கெழம பறவை சந்தைக்கு போறவங்களுக்கு நான் வெளக்கி சொல்ல தேவையில்ல.

படி 5: நமக்கும் அதுக்கும் நடுவுல எத்தன செவுரு?

2003லருந்து உலகத்துல எச்5என்1 வந்த மனுஷங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்குல 900க்கு மேல இருக்கு, அதுல கிட்டத்தட்ட பாதி பேர் செத்திருக்காங்க. பாதின்னா பயங்கரம்தான். ஆனா லேசா வந்து போனவங்க ஆஸ்பத்திரி கணக்குல வரமாட்டாங்க, அதனால நெஜ விகிதம் அத விட கொறைவாத்தான் இருக்கும். அதோட இன்னொரு பக்கமும் பாருங்க, இத்தன வருஷத்துல கோடிக்கணக்கான பேர் நோய் கோழிய தொட்டிருப்பாங்க, 900 சொச்சம்தான். காரணம் செவுருங்க.

மொத செவுரு கொக்கி. நம்ம செல்லு மேல சியாலிக் அமிலம்னு ஒரு சர்க்கரை இருக்கு. பறவை குடல்ல அது ஒரு கோணத்துல ஒட்டியிருக்கும், நம்ம மூக்கு தொண்டையில வேற கோணம். பறவை வைரஸ் கொக்கி பறவை கோணத்துக்குத்தான் சரியா மாட்டும். ஆனா நம்ம நுரையீரல் அடியாழத்துல பறவை மாதிரி சர்க்கரையும் இருக்கு. அதனாலதான் புடிச்சா நேரா கடுமையான நிமோனியா, ஆனா தும்முனா அடுத்தவனுக்கு சுலபமா போறதில்ல. ரெண்டும் ஒரே காரணம்தான்.

ரெண்டாவது செவுரு சூடு. பறவை உடம்பு 41 டிகிரி கிட்ட, நம்ம மூக்குக்குள்ள 33 டிகிரி வாக்குல. 41ல ஓடிப் பழகுன, வைரஸோட நகல் எடுக்கற மெஷின் 33ல திணறும். பிபி2ங்கற பொட்டில 627ம் எடத்துல ஒரு அமினோ அமிலம் மாறுனா அந்த திணறல் போயிடும், அதோட நம்ம செல்லுக்குள்ள இருக்கற உதவி புரதத்தையும் பயன்படுத்திக்க கத்துக்கும். நியூஸ்ல பிபி2 627ன்னு பார்த்தீங்கன்னா நிமிர்ந்து உக்காருங்க. இன்னொண்ணு, காத்துல காஞ்சு போகாம தாங்கணும், அதுக்கு கொக்கி கெட்டியா இருக்கணும். 2012ல நெதர்லாந்துல ஒரு குழு, அமெரிக்கா ஜப்பான் சேர்ந்த இன்னொரு குழு, ஃபெரட்ங்கற கீரி மாதிரி பிராணில சோதன பண்ணி, கையளவு மாத்தம் சேர்ந்தாலே எச்5 காத்து வழியா பரவ முடியும்னு காட்டுனாங்க. இத வெளியிடலாமா கூடாதான்னு உலகமே சண்ட போட்டுச்சு. என்னைக் கேட்டா வெளியிட்டது நல்லது, எத தேடணும்னு அப்பதான் தெரிஞ்சுது.

இப்ப ஏன் எல்லாரும் கொஞ்சம் பதறாங்கன்னா பாலூட்டிங்க. 2022 அக்டோபர்ல ஸ்பெயின்ல மிங்க்ங்கற, ரோமத்துக்காக வளர்க்கற பிராணியோட பண்ணை, கூண்டுக்கு கூண்டு பரவுன மாதிரி இருந்துச்சு. 2024 மார்ச்ல அமெரிக்காவுல கறவை மாடு. மாட்டுக்கு இன்ஃப்ளூயன்சா ஏ பெருசா வராதுன்னு பாடப்புத்தகத்துல இருந்தத மடியில வந்து பொய்யாக்கிடுச்சு, பால் கறக்கற மெஷின் வழியா மாட்டுக்கு மாடு போச்சு, காய்ச்சாத பால் குடிச்ச பண்ணை பூனைங்க செத்துச்சு. 1,000க்கு மேல மந்தைங்களுக்கு வந்து, பண்ணையாளுங்க, கோழி அழிக்கற ஆளுங்கன்னு சுமார் 70 பேருக்கு புடிச்சுது, நிறைய பேருக்கு கண்ணு செவந்ததோட சரி. நம்ம நாட்டுல நாக்பூர் மீட்பு மையத்துல 2024 டிசம்பர் கடைசில மூணு புலி, ஒரு சிறுத்தை எச்5என்1ல செத்துச்சு.

படி 6: மனுஷ கேஸ் நியூஸ் வந்தா கேக்க வேண்டிய கேள்வி

ஒரு ஆளா, கூட்டமா? ஒரு ஆள் கோழிகிட்டருந்து வாங்குனா சோகம்தான், ஆனா தொத்து வியாதி நியூஸ் இல்ல. கோழியே பார்க்காத ரெண்டு மூணு பேருக்கு, ஒரே வூட்ல, இல்ல ஆஸ்பத்திரி நர்சுக்கு, அடுத்தடுத்து வந்தா அது வேற கதை. இந்தியாவுல எச்5என்1ல மொத மனுஷ சாவு 2021 ஜூலையில, ஹரியானா பையன், டெல்லியில செத்தான். 2025 மார்ச்ல ஆந்திரா பல்நாடு மாவட்டத்துல ரெண்டு வயசு கொழந்த. வெறும் நியூஸா படிக்க முடியல, கும்மிடிப்பூண்டி தாண்டுனா ஆந்திராதான். ஆனா ரெண்டுலயும் சுத்தி இருந்தவங்களுக்கு பரவல.

அப்புறம், மாத்தம் எங்க தெரிஞ்சுது? 2025 ஜனவரியில அமெரிக்காவுல லூசியானாவுல ஒருத்தர் செத்தார். அவர் உடம்புலருந்து எடுத்த வைரஸ் கொக்கில கவலப்படற மாதிரி மாத்தம் இருந்துச்சு, ஆனா அவர் வூட்டு பறவைங்க வைரஸ்ல அது இல்ல. அதாவது அந்த ஆளோட உடம்புக்குள்ளயே மாறிச்சு, அவரோடயே நின்னு போச்சு. அதே மாத்தம் பறவைங்ககிட்டயே சுத்திக்கிட்டு இருந்திருந்தா நானே மாஸ்க் வாங்கி வெச்சிருப்பேன்.

உறுதி பண்ணது யாருன்னும் பாருங்க. பறவைக்கு கடைசி வார்த்த போபால்ல இருக்கற தேசிய விலங்கு நோய் ஆய்வகம்தான். சாம்பிள் அங்க போய் முடிவு வர நாளாகும், அந்த நடு நாள்லதான் வாட்ஸப் வேலை செய்யும். உறுதியானா ஒரு கிலோமீட்டர் சுத்துக்குள்ள இருக்கற வளர்ப்புப் பறவைய அழிப்பாங்க, பத்து கிலோமீட்டர் வரைக்கும் கண்காணிப்பு. நம்ம வட சென்னை நெருக்கத்துல ஒரு கிலோமீட்டர்ங்கறது எத்தன மொட்டை மாடின்னு நெனச்சு பாருங்க. கோழிய மறைச்சு வெக்கறவங்க இருப்பாங்க, ஆசையா வளர்த்தவங்க மனசும் புரியுது. நஷ்டஈடு உண்டு, ஆனா ஒழுங்கா சீக்கிரமா குடுத்தாதான் அடுத்த தடவை ஆளுங்க தானா சொல்லுவாங்க.

படி 7: நம்ம வூட்டாண்ட

மாடில கோழி இருந்தா மொதல்ல ராணிக்கெட் தடுப்பூசி போடுங்க. பறவைக் காய்ச்சலுக்கு அது ஒண்ணும் பண்ணாது, ஆனா கோழி செத்தா எதனால செத்துச்சுங்கற குழப்பம் பாதி கொறையும். ரெண்டும் வெளிய பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கழுத்து முறுக்கிக்கும், பச்சையா வெள்ளையா கழியும். கண்ணால பார்த்து பிரிக்க முடியாது, லேப்தான்.

தீனியும் தண்ணியும் மூடாக்கு போட்டு வைங்க, காக்கா எறங்காத மாதிரி. புறா பத்தி பசங்க ரொம்ப கேக்கறாங்க: புறாவுக்கு இந்த வைரஸ் அவ்ளோ சுலபமா ஒட்டாது, ஒட்டுனாலும் கம்மியாத்தான் வெளிய விடும். காக்கா அப்படி இல்ல, செத்தத திங்கும், தானும் சாவும். ஒரே தெருவுல ரெண்டு மூணு நாளுக்குள்ள அஞ்சாறு காக்கா செத்து கெடந்தா தொடாதீங்க, கொழந்தைங்கள கிட்ட விடாதீங்க, மாநகராட்சி 1913க்கு போன் போடுங்க. வளர்ப்புக் கோழி செத்தா கால்நடைத் துறை 1962. பைக் ஹேண்டில்ல மாட்டாதீங்க, அந்த ரெக்கார்டு என்கிட்டயே இருக்கட்டும்.

எண்ணூர் கழிமுகத்துலயோ பழவேற்காட்டுலயோ ஊசிவால் வாத்து, தட்டைவாயன், பூநாரை பார்க்க போறவங்க தாராளமா போங்க, தூர நின்னு பாருங்க. திரும்பி வந்து அதே சேறு செருப்போட கோழிக்கூண்டுக்குள்ள மட்டும் போவாதீங்க. இந்த வைரஸ் குளிர்ல ரொம்ப நாள் தாங்கும், பறவை எச்சத்துல 4 டிகிரில 35 நாள் வரைக்கும், 37 டிகிரில 6 நாள். நம்ம வெயில் கொஞ்சம் உதவி பண்ணுது. மேல கொழுப்பு உறை இருக்கறதால சோப்புத்தண்ணி, ப்ளீச்சிங் பவுடர் எல்லாத்துக்கும் சாவும். ஆனா மொதல்ல எச்சத்த சுரண்டி கழுவணும், அசிங்கத்து மேல ப்ளீச்சிங் பவுடர் தூவறது கோலம் போடறதுக்கு சமம்.

சாப்பாடு. உள்வரைக்கும் 70 டிகிரி சூடு போனா வைரஸ் செத்துடும். நம்ம கொழம்பு, வறுவல், பிரியாணி எல்லாம் அத தாண்டி எங்கயோ போயிடும். ஃப்ரிட்ஜ்ல வெச்சா சாவாது, அத நம்பாதீங்க. பக்கத்து மாவட்டத்துல நோய் உறுதின்னு நியூஸ் இருக்கற நாள்ல ஹாஃப் பாயில், கலக்கி, ஜிம் பசங்க பச்ச முட்ட ஒடச்சு ஊத்திக்கறது, இத மட்டும் நிறுத்தி வைங்க. கறிய குழாய்க்கு கீழ படபடன்னு தெறிக்க கழுவாதீங்க. கோழி வெட்டுன பலகையில அப்படியே வெங்காயம் வெட்டாதீங்க. பாலு நாம எப்படியும் பொங்க விட்டுத்தான் குடிக்கிறோம்.

சமைக்கறவங்கள விட வெட்டறவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். எங்க தெரு கோழிக்கடை பாய்கிட்ட இதப் பேசுனேன். "இன்னா நைனா, முப்பது வருஷமா வெட்றேன், எனக்கு இன்னா ஆச்சு"ன்னு சிரிச்சாரு. நியாயம்தான், ஆனா நோய் வராத கோழிய முப்பது வருஷம் வெட்டுனாரு. இறக்க பிடுங்கற மெஷின் சுத்தும்போது தெறிக்கற சாரல் நேரா மூஞ்சிக்குத்தான் வருது. நோய் சீசன்ல ஒரு மாஸ்க், கண்ணாடி, ரப்பர் கையுறை போதும். கடையில வேலை செய்யறவங்களுக்கு காய்ச்சலோ, மூச்சு வாங்கறதோ, கண்ணு செவக்கறதோ வந்தா மருந்துக்கடையில மாத்திர வாங்கி முழுங்காம டாக்டர்கிட்ட போய் கோழிக்கடையில வேலைன்னு அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லணும். டாமிஃப்ளூ மொத ரெண்டு நாளுக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்லா கேக்கும், அந்த ஒரு வார்த்தய சொல்லாம விட்டா அந்த ரெண்டு நாள் போயிடும்.

பாய் மாஸ்க் போட ஒத்துக்கல. ஆனா ஒண்ணு பண்ணாரு. ராத்திரி லோடு எறக்குன பிளாஸ்டிக் கூண்டுங்கள அப்படியே லாரில திரும்ப ஏத்தாம, எறக்குன எடத்துலயே பிரஷ் போட்டு தேச்சு, ப்ளீச்சிங் தண்ணில கழுவி, வெயில்ல கவுத்து வெச்சு, மறுநாள் வர்ற லாரிக்கு குடுக்கறாரு. லாரி டிரைவருக்கு மொதல்ல எரிச்சல், பத்து நிமிஷம் லேட்டாவுதாம். இப்ப அவரே வண்டிலயும் ஒரு வாளி வெச்சிருக்காரு.